"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" - டீம் லீடுங்க பண்ற தப்புகள்

டீம்ல ஒரு வேலை சொதப்பினா லீட் வாயில முதல்ல வர்றது "நான்தான் அன்னிக்கே சொன்னேனே". சொன்னீங்க சரி, போய் சேந்துச்சான்னு பாத்தீங்களா? நான் லீடான புதுசுல ஒருத்தர்கிட்ட "இந்த ரிப்போர்ட்ட கொஞ்சம் பாத்து சரி பண்ணிடுங்க"ன்னேன், என் மனசுல இருந்தது ரெண்டு நம்பர மாத்தணும்ங்கறது, அவர் ராத்திரி முழுக்க உக்காந்து ரிப்போர்ட்டையே புதுசா எழுதிட்டு வந்துட்டார், அந்த ரெண்டு நம்பர் மட்டும் அப்படியே இருந்துச்சு. தப்பு அவர் மேல இல்லங்க.

1990ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யூனிவர்சிட்டில எலிசபெத் நியூட்டன் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. தெரிஞ்ச பாட்டோட தாளத்த ஒருத்தர் மேஜைல தட்டணும், எதிர்ல இருக்கறவர் என்ன பாட்டுன்னு சொல்லணும். பாதியாவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு தட்டினவங்க நம்பினாங்க, ஆனா 120 பாட்டுல கண்டுபிடிச்சது வெறும் 3. தட்டறவர் தலைக்குள்ள முழு பாட்டும் ஓடுது, கேக்கறவருக்கு டொக் டொக் மட்டும்தான். அதனால வேலைய குடுக்கும்போது எதுக்கு, எப்போ வேணும், எது வரைக்கும் பண்ணா போதும்னு மூணையும் சொல்லிட்டு "எங்கேந்து ஆரம்பிக்கப் போறீங்க?"ன்னு கேளுங்க, அவங்க பதில்லயே தெரிஞ்சிடும்.

அடுத்தது, மீட்டிங் முடியும்போது "யாருக்காவது டவுட் இருக்கா?"ன்னு கேட்டுட்டு, யாரும் வாயத் திறக்கலன்னா எல்லாம் ஓகேன்னு எடுத்துக்கறது. என்னைக் கேட்டா இதுதான் இருக்கறதுலயே மோசம். 1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனெரிஃப் தீவுல ஒரு ஏர்போர்ட், ஒரே மூடுபனி. கேஎல்எம்ங்கற டச்சு கம்பெனியோட விமானம் டேக் ஆஃப்புக்கு ஓட ஆரம்பிச்சிடுச்சு, ஃபிளைட் இன்ஜினியருக்கு இன்னொரு விமானம் ரன்வேய விட்டு போயிடுச்சான்னு சந்தேகம், கேக்கவும் செஞ்சார். சீனியரான கேப்டன் அழுத்தமா போயிடுச்சுன்னு சொல்லவும் அதோட விட்டுட்டார். ரெண்டு விமானமும் மோதி 583 பேர் செத்துப்போனாங்க. காரணம் வேற சிலதும் உண்டு, ஆனா காக்பிட்ல ஜூனியரும் தயங்காம பேசணும்னு ட்ரெய்னிங் குடுக்கற வழக்கத்துக்கு இந்த விபத்தும் ஒரு பெரிய காரணம்.

நம்ம மீட்டிங்ல உயிரு போகப்போறதில்ல, ஆனா அந்த தயக்கம் அதேதான். "டவுட் இருக்கா"வுக்கு பதிலா "இதுல எது சொதப்பும்னு தோணுது?"ன்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருங்க, உங்க கருத்த கடைசில சொல்லுங்க. கெட்ட செய்தியோட வர்றவங்க மேல முதல்ல எரிஞ்சு விழாதீங்க, ஒரு தடவ விழுந்தா போதும், அடுத்த தடவ விஷயம் கைமீறினப்புறம்தான் உங்க காதுக்கே வரும்.

குரூப்ல எல்லார் முன்னாடியும் ஒருத்தர திட்டறது தப்புன்னு தெரியாதவங்க இல்ல, தெரிஞ்சேதான் பண்றோம்.

அப்புறம் இந்த ராத்திரி மெசேஜ். பத்து மணிக்கு "நாளைக்கு காலைல பேசணும்"னு ஒத்த வரி அனுப்பிட்டு நாம நிம்மதியா தூங்கிடுவோம், அந்தப் பக்கம் ஒருத்தர் வேலை போயிடுமோன்னு விடிய விடிய முழிச்சிருப்பார். காலைல பாத்தா லீவ் லிஸ்ட்ல ஒரு தேதி மாத்தணும், அவ்ளோதான் மேட்டர். "லீவ் தேதி விஷயமா"ன்னு சேத்து டைப் பண்ண எவ்ளோ நேரமாகிடும்?