மழை குறைந்தால் தரவையில் புல் எவ்வளவு குறையும்? அளந்தறியும் முறை

ஆடியில் சோளகம் வீசும்போது தரவை (மேய்ச்சல் புல்வெளி) காய்ந்து கிடப்பது வறட்சி அல்ல. அது ஒவ்வொரு கோடையிலும் நடப்பது. யாழ்ப்பாணத்தில் புல்லின் விளைச்சலைத் தீர்மானிப்பது ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிதான். ஆகவே மழையைக் குறைத்துப் பார்ப்பதானால் மாரியில்தான் குறைக்க வேண்டும். அதற்கு, மழையில் ஒரு பங்கைத் தடுக்கும் கூரை புரட்டாதி முடியுமுன் புல்லுக்கு மேல் ஏறியிருக்கட்டும்.

3 மீற்றர் சதுரத்துக்கு நான்கு கால் நட்டு, ஒளி புகும் பிளாஸ்ரிக் கீலங்களைப் பீலிபோல மடித்து, இடைவெளி விட்டுப் பரப்புங்கள். கீலமும் இடைவெளியும் ஒரே அகலமானால் ஏறக்குறைய பாதி மழை தடுக்கப்படும். பிடித்த நீரை 2 மீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடுங்கள். கூரையோரத்தில் சொட்டினால் பக்கத்தால் ஊறி உள்ளே வந்துவிடும். கூரையின் பதிந்த பக்கம் வாடைக்காற்றைப் பார்க்க வேண்டும், இல்லையேல் சாரல் அடிக்கும். பக்கங்களை மட்டும் மூடாதீர்கள். வெக்கை தங்கினால் புல் குறைந்தது வெப்பத்தாலா ஈரக் குறைவாலா என்று பிரிக்கவே முடியாது.

சுற்றிவர 50 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வெட்டிப் பொலித்தீன் இறக்கினால் வேர்கள் வெளி ஈரத்தை எட்டமாட்டா. நெடுந்தீவு போன்ற இடங்களில் அலவாங்கு சீக்கிரமே கல்லில் முட்டும்; அங்கே ஓரம் 1 மீற்றரை விட்டுவிட்டு நடுவில் மட்டும் அளப்பதே வழி.

ஒப்பிடுவதற்கு, அதே கீலங்களைக் கவிழ்த்துப் போட்ட கூரையும் வேண்டும். மழை வழிந்து கீழே விழும், நிழல் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஐந்துக்குக் குறையாமல் வையுங்கள். எல்லாவற்றையும் வலையால் அடைக்காவிட்டால் மாடும் ஆடும் (நெடுந்தீவில் குதிரையும்) மேய்ந்தது வறட்சிக் கணக்கில் ஏறிவிடும்.

தைக் கடைசியில், நுனி மஞ்சளாகுமுன் வெட்டுங்கள். 50 சென்ரிமீற்றர் சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே வேரூன்றிய புல்லை நிலமட்டத்தோடு நறுக்கி, போன வருடச் சருகைப் பிரித்தெடுத்துக் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீன் பை ஆகாது: வெட்டிய புல்லும் சுவாசித்து எடை இழக்கும், பிறகு அழுகும். கனலடுப்பில் 60–65 பாகை செல்சியஸில் 48 மணி நேரம் உலர்த்துங்கள். மறுபடி நிறுத்தால் எடை மாறக்கூடாது. வந்த கிராமை 4ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீற்றருக்கான கணக்கு. 45 கிராம் வந்தால் 180 கிராம். அதாவது ஹெக்ரேயருக்கு 1.8 தொன், ஒரு பரப்புக்கு ஏறக்குறைய 45 கிலோ. சதுர மீற்றருக்கான கிராமைப் புல்லுக்குக் கிடைத்த மழையின் மில்லிமீற்றரால் வகுத்தால், ஒவ்வொரு மில்லிமீற்றரும் எவ்வளவு புல்லாயிற்று என்பது தெரியும்.

எண்ணைப் படிப்பதில்தான் பலர் தவறுவார்கள். ஈரம் குறைந்ததும் முதலில் நிற்பது இலை நீளுவது. இலைவாய்கள் (இலையின் நுண்துளைகள்) மூடி ஒளித்தொகுப்பு குறைவது அதற்குப் பின்புதான். இடைப்பட்ட காலத்தில் மிஞ்சும் உணவில் பெரும்பங்கு வேருக்குப் போகலாம். எனவே மேற்புல் பாதியானதும் முழுச்செடியின் விளைச்சலும் பாதி என்று எழுதாதீர்கள். மண் காய்ந்தால் நுண்ணுயிர்கள் நைதரசனை விடுவிப்பதும் மந்தமாகும். பிறகு ஒரு மழை விழுந்ததும் அது திடீரெனக் கிடைக்கும். ஆகையால் மொத்த மழையோடு, மழைக்கும் மழைக்கும் இடையில் எத்தனை நாள் என்பதையும் குறித்து வையுங்கள்.

கூரையைக் கழற்றிய அடுத்த மாரியிலும் அளக்க வேண்டும். அறுகு போன்ற பல்லாண்டுப் புல்லில் அடிமொட்டுகள் செத்திருந்தால், நல்ல மழை பெய்தாலும் தளிர் குறையும். வெறுமையான இடத்தை ஓராண்டுக் களைகள் பிடிக்கும். அப்போது மொத்த எடை சரியாகத் தோன்றலாம், புல்லை இனவாரியாகப் பிரித்து நிறுத்தால்தான் பிடிபடும். ஒருமுறை வெட்டிய இடத்தில் மறுமுறை சட்டம் வைக்காதீர்கள். மூலைகளுக்கு இரும்பு முளை அடியுங்கள். மரமுளையைக் கறையான் தின்றுவிடும்.