கோங்க் கிராமத்தைப் பார்ப்பது எப்படி?

தென் பிரான்சின் அவேரோன் மாவட்டத்தில், ஊஷ் ஓடை தூர்து ஆற்றோடு கூடுமிடத்துக்கு மேலே, மலைச்சரிவில் அமைந்திருக்கிறது கோங்க். அருகிலுள்ள ரோதேஸ் நகரிலிருந்து வாடகைக் காரில் செல்வதே வசதி. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கல் பாவிய தெருக்கள் செங்குத்தானவை, மழையில் வழுக்குபவை என்பதால் பிடிமானமுள்ள காலணி அவசியம்.

முதலில் தேவாலயத்துக்கே செல்லுங்கள். 9ஆம் நூற்றாண்டில் துறவி ஒருவர், கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்நீத்த சிறுமியான புனித ஃபுவாவின் எலும்புகளை அஜான் நகரிலிருந்து திருடிக்கொண்டு வந்த பிறகுதான், யாத்திரிகர்களும் அவர்களோடு செல்வமும் இந்தச் சிற்றூரைத் தேடி வந்தன (பக்தியில் நிகழ்ந்த திருட்டு என்பதால் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை). மேற்கு வாயிலின் மேலுள்ள இறுதித் தீர்ப்புச் சிற்பத்தை, வெயில் நேரே விழும் பிற்பகலில் பாருங்கள். பழைய வண்ணத்தின் சுவடுகள் அப்போது தெளிவாகத் தெரியும். நம் இடப்பக்கம் சொர்க்கம் ஒழுங்காகவும் சற்றுச் சலிப்பாகவும் இருக்க, வலப்பக்கத்து நரகத்தில்தான் சிற்பியின் கற்பனை துள்ளுகிறது. பணப்பை கழுத்தில் தொங்கத் தூக்கிலிடப்பட்ட கருமியைத் தவறவிடாதீர்கள். உள்ளே, ரோதேஸில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ் வடிவமைத்து 1994இல் நிறைவுற்ற 104 சன்னல்களின் வண்ணமற்ற கண்ணாடி, ஒளியை மட்டுமே காட்டுகிறது.

பிரெஞ்சுப் புரட்சியின்போது ஊரார் ஒளித்துவைத்துக் காத்த புனித ஃபுவாவின் பொற்சிலை தனிக் கருவூலத்தில் உள்ளது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

முடிந்தால் ஓரிரவு தங்குங்கள். பகல் கூட்டம் கலைந்ததும், ல புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ திருத்தலத்தை நோக்கி நடந்துவரும் யாத்திரிகர்களும் உள்ளூர்வாசிகளுமே எஞ்சியிருப்பர். குளிர்காலத்தில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள்.