பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக்: முன் சக்கரம் உதறினால் எங்கே பார்ப்பது?

முன் சக்கரங்கள் இரண்டையும் ஒரே நீளமான ஆக்ஸில் இணைக்கும் பழைய வண்டிகளில் ஸ்டியரிங் உதறினால், பலரும் முதலில் வாங்கி மாட்டுவது புது ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங்கின் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்). தயவுசெய்து அதில் தொடங்காதீர்கள். டேம்பர் உதறலை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். தேய்ந்த பாகம் உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும்.

1. எப்போது உதறுகிறது?
ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கி, வேகம் கூடினாலோ குறைந்தாலோ அடங்கினால் டயர் பாலன்சிங், ரிம் வளைவு இரண்டையும் சந்தேகப்படுங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க்கையோ டிரம்மையோ பாருங்கள். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வண்டியே குலுங்கி, வேகத்தை நன்றாகக் குறைத்த பிறகுதான் அடங்குகிறதா? ஏதோ ஒரு ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை வேகமாக ஓட்டாதீர்கள்.

2. டயர்
காற்றழுத்தம், புடைப்பு, ஏறுமாறான தேய்மானம் பாருங்கள். முன் டயர்களைப் பின்னால் மாற்றி ஓட்டுங்கள். உதறலின் தன்மை மாறினால் டயர்தான்.

3. ஸ்டியரிங்கை அசைத்துப் பார்ப்பது
அதிக ஆட்டத்தைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சோதனைதான், பொறுமையாகச் செய்யுங்கள். வண்டி சமதளத்தில், சக்கரங்கள் தரையில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து நிற்கட்டும். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும், கியர் நியூட்ரலில். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக, விடாமல் அசைக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பாருங்கள்: டை ராட் (இரு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் கம்பி) எண்டுகள், டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பி), ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட்டுகள், அது உட்காரும் சேஸிஸ் பகுதியில் விரிசல். காயில் ஸ்பிரிங் வண்டி என்றால் டிராக் பாரின் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடித்து வைக்கும் கம்பி) இரு முனைகளையும் கட்டாயம் பாருங்கள். அங்கே போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்குத் தெரியும். ஆனால் நகரும் பாகங்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள்.

4. சக்கரத்தைத் தூக்கி
எஞ்சினை அணைத்து, ஜாக்கியால் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், தொடர்ந்தால் பால் ஜாயின்ட் அல்லது கிங் பின் (சக்கரம் இடவலமாகத் திரும்ப அச்சாக இருக்கும் பாகங்கள்). இடவலமாக மட்டும் ஆடினால் டை ராட் பக்கம் திரும்புங்கள்.

5. அலைன்மென்ட்
இது கடைசியில். ஜாயின்ட் தளர்ந்திருக்கும்போது செய்த அலைன்மென்ட் அளவு நிலைக்காது. லிஃப்ட் கிட் போட்டு உயர்த்திய வண்டியில் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். டோ அளவோடு (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.