முடி நட்டாயிற்று, தலையில் எப்போது கை வைக்கலாம்?

ஹேர் டிரான்ஸ்பிளான்ட் முடிந்து வீட்டுக்கு வருபவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் கண்ணாடி முன்னால் நின்று தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். இன்னொன்று பயந்துபோய் மூன்று வாரமானாலும் தலையில் தண்ணீர்கூட ஊற்றாது. இரண்டுமே தப்பு. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு நடக்கும் தவறுகளில் பல, நாள் கணக்கைத் தப்பவிடுவதால் வருபவை. மூன்றாம் நாள் செய்யவே கூடாத காரியத்தைப் பதினோராம் நாள் செய்தே ஆக வேண்டியிருக்கும்.

நட்ட ஒவ்வொரு கிராஃப்டும், அதாவது வேரோடு எடுத்த சிறு முடிக்கொத்தும், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள கீறலுக்குள் சொருகப்பட்டிருக்கிறது. தையல் கிடையாது, பசை கிடையாது. ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற நார்ப்பொருள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. முதல் இரண்டு நாளில் முடியைப் பிடித்து இழுத்தாலே கிராஃப்ட் கையோடு வந்துவிடலாம். ஐந்தாம் நாள் வரை பொருக்கைப் பிய்ப்பது ஆபத்து, பொருக்கோடு வேரும் சேர்ந்து வரும். ஒன்பது, பத்து நாள் ஆகிவிட்டால் கிராஃப்ட் தோலோடு தோலாகிவிடும், அதன்பிறகு அதை எளிதில் பிடுங்க முடியாது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த தாளில் நாள் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் அவர் சொன்னதே சரி.

முதல் வாரத்தில் வேண்டுமென்றே தலையைச் சொறிபவர்கள் குறைவு. மறதியில் நடப்பதுதான் அதிகம். கழுத்து வழியாக டி-ஷர்ட்டை மாட்டுவது, காரில் ஏறும்போது மேல்விளிம்பில் நெற்றியை இடித்துக்கொள்வது, திறந்திருக்கும் அலமாரிக் கதவு. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகளை இரண்டு வாரத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள். எங்காவது இடித்து ரத்தம் வந்துவிட்டால் சுத்தமான துணியை வைத்து மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். வெளியே வந்த கிராஃப்டை நீங்களே திரும்பச் சொருகப் பார்க்காதீர்கள்.

அப்புறம் படுக்கை. முதல் சில இரவுகள் தலைமாட்டை நன்றாக உயர்த்தி, மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். நட்ட இடம் தலையணையில் உரசாது என்பது ஒரு காரணம். இன்னொன்று வீக்கம். சிகிச்சையின்போது தோலுக்கடியில் செலுத்திய திரவம் இரண்டாம், மூன்றாம் நாளில் நெற்றிக்கு இறங்கும், சிலருக்குக் கண் இமை வரைக்கும் வந்து முகமே மாறிப்போகும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஒரு வாரத்துக்குள் வடிந்துவிடும். ஐஸ் வைப்பதானால் நெற்றியில் மட்டும், நட்ட இடத்தில் கூடவே கூடாது.

தலை கழுவுவதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ஷவரை நேராகத் தலையில் திறந்துவிடுவது ஒரு தவறு, அந்த வேகம் முதல் வாரத்துக்கு ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரை மக்கில் எடுத்து, தலைக்குக் கிட்டத்தில் பிடித்துச் சரித்து ஊற்ற வேண்டும். ஷாம்புவைத் தனியாகக் கலக்கி நுரையாக்கி, நுரையை மட்டும் நட்ட இடத்தில் வைத்துச் சில நிமிடம் விட்டு, மறுபடி மக்கால் அலசுங்கள். விரல் நுனியால் ஒற்றலாம், தேய்க்கக் கூடாது. துண்டால் துவட்டாமல் காற்றில் காயவிடுங்கள். ஹேர் டிரையரின் சூட்டுக் காற்று வேண்டவே வேண்டாம். தலையில் பல வாரங்களுக்கு மரத்துப்போன உணர்வு இருக்கும், சுட்டாலும் உறைக்காது.

இதே ஜாக்கிரதை பத்து நாளுக்கு மேல் நீடித்தால் அதுவும் தவறாகிவிடும். பொருக்கு உதிராமல் தடிப்பாகப் படிந்தால் அடியில் ஈரமும் அழுக்கும் தங்கி அரிப்பு, கிருமித் தொற்று என்று போகும். மருத்துவர் சரி என்றதும் தலையைச் சற்று நேரம் ஊறவைத்து, விரல் நுனியால் வட்டமாக மெல்லத் தேய்த்தால் பொருக்கு கழன்று வரும். அதோடு சில குட்டி முடிகளும் வரும். இங்கேதான் நிறையப் பேர் கலங்கிப்போகிறார்கள்.

அந்த முடியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். வேர் போச்சு என்று தோன்றும். அது வேர் இல்லை, முடித்தண்டின் அடிப்பகுதி மட்டும்தான். ரத்தம் வராமல் விழுந்தால் வேர்ப்பை உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி இப்படி உதிரும். மூன்று, நான்கு மாதத்தில் புதிதாக முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடமாவது ஆகும், உச்சிப் பகுதிக்கு இன்னும் கூடுதலாகவே பிடிக்கும். இந்த இடைவெளியில் பயந்துபோய் கண்ட எண்ணெயையும் சீரத்தையும் தடவுவதுதான் அடுத்த தவறு. முடி வளரத் தடவும் மருந்தான மினாக்சிடிலைக்கூடக் கேட்காமல் தொடங்க வேண்டாம். அந்தத் திரவத்தில் உள்ள ஆல்கஹால், ஆறாத தோலை எரிச்சலாக்கும்.

நேர்மாறான தவறும் உண்டு. "நட்டாச்சு, இனி மாத்திரை எதற்கு" என்று, முடி கொட்டுவதைக் குறைக்கும் ஃபினாஸ்டிரைடை நிறுத்துவது. நட்ட முடி பின்னந்தலையிலிருந்து வந்ததால் இடம் மாறினாலும் எளிதில் கொட்டாத பழைய குணத்தோடு நிற்கும். 1959-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பில்தான் இந்தச் சிகிச்சையே நிற்கிறது. ஆனால் சுற்றியிருக்கும் சொந்த முடிக்கு அந்தக் குணம் கிடையாது, அது தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும். நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

சிகரெட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், புதிதாக நட்ட வேருக்கு வேண்டியதே ரத்தம்தான். உடற்பயிற்சிக்கு இரண்டு வாரம், நீச்சலுக்கு ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் போனால் தளர்வான தொப்பி.

முடி எடுத்த இடத்தை யாரும் கவனிப்பதே இல்லை, கண்ணாடியில் தெரியாது பாருங்கள். தோலைப் பட்டையாக வெட்டி எடுத்துத் தைத்திருந்தால், தையல் பிரித்த பிறகும் சில வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது. கழுத்துத் தசை இழுபட்டால் தழும்பு அகலமாகிவிடும்.

மூன்றாவது மாதம் வாக்கில் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பலாம். தோலைத் துளைத்து வெளியே வரும் புது முடிதான் பெரும்பாலும் காரணம். கிள்ளாதீர்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, சூடு அளவாக இருக்கிறதா என்று முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, சில நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் அடங்கிவிடும். சீழ் வடிந்தாலோ, சிவப்பு பரவினாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, அன்றைக்கே போய்க் காட்டிவிடுங்கள்.