செம்பரம்பாக்கத்தின் நீர்ப்பரப்பை நாமே அளக்கலாம்: சென்டினல்-2, க்யூஜிஐஎஸ் செய்முறை

ஒரு ஏரியில் இந்தக் கோடையில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் நிற்கிறது, ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே மாதத்தில் எவ்வளவு நின்றது? இதைத் தெரிந்துகொள்ள எங்கும் மனு போட வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிகஸ் திட்டத்தைச் சேர்ந்த சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளைக்கு ஒருமுறை நம் தலைக்கு மேலே போய்ப் படம் எடுக்கின்றன. படம் இலவசம். அதை அளக்க க்யூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் போதும், அதுவும் இலவசம்.

இந்தப் பதிவுக்குச் செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்கிறேன். முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2019 கோடையில் சென்னையின் மற்ற ஏரிகளோடு சேர்ந்து இதுவும் வறண்டு கிடந்தது. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது ஷட்டரைத் திறக்கும் அளவுக்கு நிரம்பியது. வறட்சி எப்போது, நிறைவு எப்போது என்று ஊருக்கே தெரிந்த ஏரி என்பதால், கணக்கு எங்காவது தடம் மாறினால் உடனே கண்ணில் படும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட ஏரிதான் நல்லது.

க்யூஜிஐஎஸ்ஸை நிறுவி, ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்க்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. படம் தேடுதல்

கோப்பர்நிகஸ் பிரவுசர் தளத்துக்குப் போங்கள். படம் பார்க்கக் கணக்கு வேண்டாம், தரவிறக்கத்தான் வேண்டும். பழைய வழிகாட்டிகள் 'ஓப்பன் ஆக்சஸ் ஹப்' என்று ஒரு தளத்தைச் சொல்லும். அது 2023 இறுதியில் மூடப்பட்டுவிட்டது. அதை நம்பி எழுதப்பட்ட நிரல்களும் அன்றோடு நின்றன.

சென்டினல்-2, லெவல்-2ஏ என்று தேர்ந்தெடுங்கள். 2ஏ என்றால் வளிமண்டலத்தின் குறுக்கீட்டைக் கழித்த படம். மூன்று தேதிகள் போதும்: 2019 ஜூனில் ஒன்று, 2021 பிப்ரவரியில் ஒன்று, 2024 தொடக்கத்தில் ஒன்று.

மேக விழுக்காட்டை 10 என்று வைத்துத் தேடாதீர்கள். அந்த எண் சுமார் 110 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு முழுக் கட்டத்துக்கானது. 50 விழுக்காடு மேகம் என்று போட்டிருக்கும் படத்தில் செம்பரம்பாக்கம் பளிச்சென்று தெரியலாம். 5 விழுக்காடு என்று இருக்கும் படத்தில் அந்த ஐந்தும் ஏரிமேலேயே நிற்கலாம். வரம்பை 60க்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு படமாகக் கண்ணால் பாருங்கள். இந்த வேலையில் கண்ணை விடச் சிறந்த வடிகட்டி இல்லை என்பது என் கருத்து.

2. தேவையான இரண்டு கோப்புகள்

இறங்கும் ஜிப் கோப்பு ஒரு ஜிபியை ஒட்டி இருக்கும். விரித்தால் கோப்புறைக்குள் கோப்புறையாகப் போகும். கிரானியூல், அதற்குள் ஐஎம்ஜி டேட்டா, அதற்குள் ஆர்10எம். அங்கே பி03 (பச்சை ஒளி), பி08 (அண்மை அகச்சிவப்பு) ஆகிய இரண்டை மட்டும் க்யூஜிஐஎஸ்ஸுக்குள் இழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர்.

ஏன் இந்த இரண்டு? தண்ணீர் அண்மை அகச்சிவப்பைக் கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கிவிடும். பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். செடியும் மண்ணும் இதற்கு நேர்மாறு. இந்த வித்தியாசத்தை ஒரே எண்ணாக்குவதுதான் 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் முன்வைத்த என்டிடபிள்யூஐ என்னும் நீர்க்குறியீடு: பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விடை சுழியத்துக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் தண்ணீர்.

3. கோப்புப் பெயரில் உள்ள 'என்' எண்

என்னை அதிகம் அலைக்கழித்த படி இது. பல வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை.

2022 ஜனவரி 25 முதல், சென்டினல்-2 படங்களைத் தயாரிக்கும் முறை மாறியது. அன்றிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் மதிப்போடும் 1000 கூட்டித் தருகிறார்கள். காரணம் நியாயமானதுதான். ஆழமான தண்ணீர் போன்ற இருண்ட பரப்பில், வளிமண்டலத் திருத்தத்துக்குப் பிறகு மதிப்பு சுழியத்துக்குக் கீழே போகக்கூடும். முன்பு அது வெட்டப்பட்டுவிடும், 1000 கூட்டினால் தப்பிக்கும். ஆனால் நாம் அதைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

தண்ணீருள்ள ஒரு புள்ளி. பழைய கோப்பில் பச்சை 600, அகச்சிவப்பு 200. குறியீடு: 400ஐ 800ஆல் வகுத்தால் 0.5. அதே தண்ணீர், புதிய கோப்பில் பச்சை 1600, அகச்சிவப்பு 1200. இப்போது 400ஐ 2800ஆல் வகுக்கிறோம், விடை 0.14. தண்ணீர் மாறவில்லை, எண் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

சுழியத்தை எல்லையாக வைத்தால் இது தெரியாது, ஏனென்றால் கூட்டல் கழித்தல் குறி மாறுவதில்லை. கலங்கல் நீரையும் சேற்றையும் பிரிக்க 0.2 என்று எல்லை வைத்தால்தான் சிக்கல். 2019இன் குட்டையைத் தண்ணீர் என்று ஏற்கும் அதே எல்லை, 2024இன் ஏரியைத் தரை என்று தள்ளிவிடும். வறண்ட ஆண்டில் தண்ணீர் அதிகம், மழைக்குப் பிந்தைய ஆண்டில் குறைவு என்று வரைபடம் வரும்.

'2022க்குப் பிந்தைய படத்தில் கழி, முந்தையதில் கழிக்காதே' என்ற விதியும் போதாது. பழைய படங்களையும் புதிய முறையில் மறுபடி தயாரித்து 'கலெக்ஷன்-1' என்று வெளியிடுகிறார்கள், அவற்றிலும் 1000 உண்டு. 2019 ஜூனில் எடுத்த ஒரே படம் இரண்டு பதிப்புகளாகக் கிடைக்கலாம். தேதியைப் பார்க்காமல், கோப்புப் பெயரில் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்துக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் 1000 கழிக்க வேண்டும். 02 என்றோ 03 என்றோ தொடங்கினால் கழிக்க வேண்டாம். மூன்று தேதிக்கும் புதிய பதிப்பாகவே எடுத்துக்கொள்வது உத்தமம்.

4. கணக்கு

ராஸ்டர் மெனுவில் உள்ள ராஸ்டர் கால்குலேட்டரைத் திறந்து, (புதிய பதிப்பானால்) இரண்டு கோப்பிலிருந்தும் 1000 கழித்துவிட்டு மேலே சொன்ன சூத்திரத்தைப் போடுங்கள். க்யூஜிஐஎஸ்ஸிலேயே இருக்கும் இன்னொரு கணக்குக் கருவியான ஜிடிஏஎல் கால்குலேட்டரைத் தொடக்கத்தில் தொட வேண்டாம். இந்தக் கோப்புகள் குறை எண்களை ஏற்காத வகை. தரையில் பச்சையை விட அகச்சிவப்பு அதிகம் என்பதால் கழித்தல் விடை குறை எண்ணாக வரும். ஜிடிஏஎல் அதை அறுபதாயிரத்துச் சொச்சமாகச் சுற்றிவிடும். குன்றத்தூர் முழுக்கத் தண்ணீராகத் தெரிந்தால் காரணம் அதுதான். அதையே பயன்படுத்தியாக வேண்டுமென்றால் முதலில் தசம எண்ணாக மாற்றச் சொல்லுங்கள்.

பிறகு 'குறியீடு 0ஐ விடப் பெரிது' என்று இன்னொரு முறை கால்குலேட்டரை ஓட்டினால், 1 தண்ணீர், 0 மற்றவை என்று படம் கிடைக்கும்.

5. பரப்பு

ஏரிக்கரையை ஒட்டி ஒரு பலகோணம் வரைந்து, படத்தை அதன்படி வெட்டுங்கள். மூன்று தேதிக்கும் ஒரே பலகோணம்தான். ப்ராசசிங் டூல்பாக்ஸில் 'ராஸ்டர் லேயர் யூனிக் வேல்யூஸ் ரிப்போர்ட்' என்று தேடி ஓட்டினால் 1 எத்தனை புள்ளி, எத்தனை சதுர மீட்டர் என்று வரும். 100 புள்ளி ஒரு ஹெக்டேர். ஏக்கருக்குச் சுமார் 40. ஐந்து ஏக்கருக்குக் குறைந்த குளங்களுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கரையோரப் புள்ளிகள் பாதி நீரும் பாதி மண்ணுமாக இருந்து கணக்கைத் தின்றுவிடும்.

6. நம்பலாமா?

ஆகாயத்தாமரை படர்ந்த இடம் செடியாகத்தான் தெரியும், அடியில் தண்ணீர் இருந்தாலும் குறியீடு அதைத் தரை என்றே சொல்லும். உண்மை நிற வண்ணப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சென்னைக் குடிநீர் வாரியம் ஒவ்வொரு நாளும் ஏரிகளின் நீர்மட்டத்தையும் இருப்பையும் வெளியிடுகிறது. அதே தேதியின் இருப்பை உங்கள் பரப்புக்கு எதிரில் எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். பரப்பைக் கொள்ளளவு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தூர்ந்த ஏரியில் பரப்பு பெரிதாகவும் தண்ணீர் சொற்பமாகவும் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழையின் நடுவில் இந்தப் படங்கள் பெரும்பாலும் மேகம்தான். அப்போது மேகத்தை ஊடுருவும் ரேடார் வேண்டும், அதாவது சென்டினல்-1. அதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.

இந்தத் தொடர் அறுந்துவிடாமல்

ஒரு தேதியின் படம் ஒரு செய்தி. பத்து வருடத் தொடர்தான் ஏரியின் வரலாறு. அந்தத் தொடர் தானாக நிலைப்பதில்லை. சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதானது. மாற்றாக 1சி விண்ணுக்குப் போனது 2024 டிசம்பரில். இடையில் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் 1ஏ ஒன்றே சுமந்தது. சென்டினல்-2இல் அப்படி நேரவில்லை. 2015இல் ஏவிய 2ஏவின் இடத்தை எடுக்க 2024 செப்டம்பரிலேயே 2சி போய்விட்டது. முன்கூட்டியே செய்து வைத்த மாற்றுக் கோள், அதற்குத் தொடர்ந்து ஒதுக்கப்படும் பொதுப்பணம், படத்துக்கு விலை வைக்காத கொள்கை, இம்மூன்றும் சேர்ந்ததால்தான் நாம் இங்கே உட்கார்ந்து ஏக்கர் எண்ணுகிறோம். லேண்ட்சாட் என்னும் தன் செயற்கைக்கோள்களின் படங்களை அமெரிக்கா 2008இல் இலவசமாக்கிய பிறகுதான், 30 லட்சம் படங்களைக் கொண்டு உலகின் நீர்ப்பரப்பு மாற்றத்தை 1984 முதல் வரைபடமாக்க ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையத்தால் முடிந்தது. 2015க்கு முந்தைய செம்பரம்பாக்கம் வேண்டுமென்றால் அங்கேதான் தேட வேண்டும்.

ஒரே மூலத்தை நம்பவும் வேண்டாம். நம் இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட் படங்கள் 'பூநிதி' தளத்தில் கிடைக்கின்றன. லிஸ்-3 கருவியிலும் பச்சை, அகச்சிவப்பு இரண்டும் உண்டு என்பதால் இதே சூத்திரம் செல்லும். புள்ளிதான் 24 மீட்டர் அளவுக்குப் பெரிது.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது: ஒரு அட்டவணை. முழுக் கோப்புப் பெயர், 'என்' எண், கழித்தது எவ்வளவு, எல்லை எவ்வளவு, எந்தப் பலகோணம், பரப்பு. பலகோணத்தையும் ஜியோபேக்கேஜ் என்னும் கோப்பு வடிவில் சேர்த்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு வேறொருவர் அதே ஏரியை அளக்க இவ்வளவு போதும்.

பிற்சேர்க்கை: முழுக் கோப்பை இறக்காமல், பிரவுசரிலேயே ஏரியை மட்டும் வெட்டி டிஃப் கோப்பாக எடுத்தவர்களுக்குப் பரப்பு கூடுதலாக வருவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் ஆள்கூற்று முறையில் இறக்கினால் அப்படித்தான் வரும். சென்னையின் அட்சரேகையில் அது பரப்பைச் சுமார் 5 விழுக்காடு ஊதிக் காட்டும். பரப்பை அதிகம் ஊதாத யுடிஎம் 44 வடக்கு என்னும் ஆள்கூற்று முறைக்கு (க்யூஜிஐஎஸ்ஸில் அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 32644) மாற்றிவிட்டு எண்ணுங்கள். முழுக் கோப்பில் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது வரும்போதே யுடிஎம்மில்தான் வருகிறது.