பகடை ஆட்டத்தில் போர் வைக்கப் போகிறீர்களா?

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் வணிகப்போரைக் கொண்டுவருபவர்கள் பலரும் அதை அரண்மனையில் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு நாடுகள், ஒப்பந்தம், வரி விகிதம் என்று கதையை நடத்தும் கேம் மாஸ்டர் கால் மணி நேரம் வாசிப்பார்; மற்றவர்கள் சும்மா பகடையை உருட்டிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வேலூரில் எங்கள் குழுவில் பாதிப் பேர் ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள். தோல் தொழில் பார்த்து வளர்ந்தவர்கள். அடுத்த வாரம் வரியைப் பற்றிப் பேசவே இல்லை. "மலைப்பாதையை மூடிவிட்டார்கள், தோல் பதனிட ஆவாரம்பட்டை வரவில்லை" என்று மட்டும் சொன்னேன். தோல் அழுகும், கூலி நிற்கும், கடன் கொடுத்தவர் வாசலுக்கு வருவார் என்று அவர்களே அடுக்கினார்கள். கதை அங்கேயே பிடித்துக்கொண்டது.

அப்புறம், சோறு. படையைக் காட்டுகிறோம், அது என்ன சாப்பிடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். நம் வேலூர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதர் அலியுடன் நடந்த போரில் உள்ளே இருந்த ஆங்கிலேயப் படை உணவில்லாமல் தவித்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தானியத்தோடு வந்து சேர்ந்தார். இதிலேயே ஒரு முழு ஆட்டம் இருக்கிறது. எத்தனை மாடுகள், எந்த வழி, பாலாற்றை எங்கே கடப்பது, வழியில் பசித்த ஊர் கை நீட்டினால் கொடுப்பதா? மூட்டைகளை எண்ணி எழுதி வையுங்கள், நாளுக்கு நாள் குறையட்டும்.

பத்தாயிரம் பேர் மோதுவதைப் பகடையாலேயே முடிக்கப் பார்க்காதீர்கள். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்டதும் ஆற்காட்டு அரசியலே புரண்டது. அப்படி ஒரு ஆள், ஒரு கதவு, ஒரு செய்தி, இதைத்தான் ஆடும் நான்கு பேர் கையில் கொடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, போரை நல்லவன் கெட்டவன் கதையாக்கி வெற்றியோடு முடித்துவிடுவது. 1748இல் ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானமாகிவிட்டன. இங்கே அவர்களின் இரண்டு வணிகக் கம்பெனிகளும் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலி, சந்தா சாகிப் ஆகியோரின் பின்னால் நின்று சண்டையைத் தொடர்ந்தன. 1751இல் ஆற்காட்டைப் பிடித்த ஆங்கிலக் கம்பெனியின் கிளைவ் 50 நாள் முற்றுகையைத் தாங்கியதும் அதில் ஒரு பகுதிதான். கடைசியில் நவாபான முகமது அலி கடனில் மூழ்கினார். எனவே உதவிக்கு வந்த படையின் செலவுக் கணக்கை, வெற்றிக்கு அடுத்த ஆட்டத்திலேயே ஆடுபவர்கள் முன் வையுங்கள். எந்தச் சுங்கச்சாவடியை எழுதிக் கொடுப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, 1806 ஜூலை 10 வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சி போன்ற உண்மைச் சம்பவங்களை எடுக்கும் முன் எல்லோரிடமும் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகள் நிறைய. எங்கள் குழுவில் ஒருவர், இறந்த சிப்பாயின் வீட்டுக்குத் தகவல் போகும் காட்சி மட்டும் வேண்டாம் என்றார். சரி என்று அதை விட்டுவிட்டோம்.