பவர் பேங்க் முதல் ஏ.பி.கே. வரை: போன் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுப் போன் வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம், யூடியூபில் விமர்சனம் விமர்சனமாகப் பார்க்கிறோம். அதே போனுக்குச் சார்ஜரோ கேபிளோ வாங்கும்போது மட்டும் கடைக்காரர் எதை எடுத்து நீட்டினாலும் "சரி, குடுங்க" என்று வாங்கிவந்துவிடுகிறோம். ஆப் விஷயத்தில் அந்த அளவு யோசனைகூடக் கிடையாது. யாரோ சொன்னார்கள் என்று ஏற்றிவிட்டு, அது கேட்கும் அனுமதிக்கெல்லாம் தலையாட்டுகிறோம். இதில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. அட்டையில் போட்டிருக்கும் எண்ணுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, நாம் எடுத்துக்கொள்ளும் அர்த்தம் வேறாக இருக்கிறது.

பவர் பேங்கைப் பாருங்கள். 10,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) என்று பெரிதாகப் போட்டிருக்கும். நம் போன் பேட்டரி 5,000. ஆக, இரண்டு தடவை முழுதாக ஏற்றலாம் என்று கணக்குப் போடுகிறோம். இரண்டாவது தடவை முடிவதற்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வருகிறது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த 10,000 உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் அளவு. செல் சுமார் 3.7 வோல்ட்டில் இயங்குவது. வெளியே போனுக்கு வருவது 5 வோல்ட். 10,000-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 37,000 மில்லிவாட்-அவர், அதாவது 37 வாட்-அவர் மின்சாரம். அந்த 37,000-ஐ 5-ஆல் வகுத்தால் 7,400 எம்.ஏ.எச்.தான் வரும். மாற்றும்போது சூடாக வீணாவதையும் கழித்தால் 6,000 சொச்சம் நிற்கும். ஒழுங்கான நிறுவனங்கள் இதைப் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று அச்சடித்திருப்பார்கள். கடையில் திருப்பிப் பார்க்க வேண்டிய வரி அதுதான். அந்த வரியே இல்லாத பவர் பேங்க் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

விமானத்தில் போகிறவர்கள் வாட்-அவர் எண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 100 வாட்-அவர் வரை கைப்பையில் எடுத்துப்போகலாம், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்றால் 74 என்று இருக்கும், பிரச்சினையில்லை. செக்-இன் பெட்டியில் மட்டும் எந்த அளவாக இருந்தாலும் வைக்கக் கூடாது.

பவர் பேங்க், சார்ஜர் இரண்டுக்கும் இந்தியாவில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். முத்திரையுடன் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கிடைக்கும் மலிவு சார்ஜர்களிலும் இந்த எண் இருக்கத்தான் செய்யும். உண்மையானதா என்பதுதான் கேள்வி. 'பி.ஐ.எஸ். கேர்' என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனம், என்ன பொருள் என்று காட்டிவிடும். நீங்கள் கையில் வைத்திருப்பது சார்ஜர், ஆப் காட்டுவது எல்.இ.டி. பல்பு என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

சார்ஜர் வாட் கணக்கில் இன்னொரு குழப்பம். போன் 65 வாட் வேகத்தில் சார்ஜ் ஏறும் என்கிறார்கள், நாமும் வேறொரு நிறுவனத்தின் 65 வாட் சார்ஜரை வாங்கிவந்து சொருகுகிறோம். ஆமை வேகத்தில் ஏறுகிறது. சார்ஜரும் போனும் எவ்வளவு மின்சாரம் தருவது, எவ்வளவு வாங்குவது என்று முதலில் பேசி முடிவு செய்த பிறகுதான் வேகம் கூடும். பல நிறுவனங்கள் அந்தப் பேச்சுக்குத் தங்களுக்கென்று தனி முறை வைத்திருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான முறை இல்லாவிட்டால் பாதுகாப்பாகக் குறைந்த வேகத்தில் ஏறும். போனுக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் பணம்தான் வீண். பெட்டியோடு சார்ஜர் வராத போன் என்றால், வாங்கும் முன் போன் எந்த முறையை ஏற்கிறது என்று பாருங்கள். யு.எஸ்.பி. பவர் டெலிவரி, சுருக்கமாக பி.டி., என்பது எல்லோருக்கும் பொதுவானது. சாம்சங்கின் 25 வாட் வேகத்துக்கு அதிலேயே பி.பி.எஸ். என்ற வசதியும் சார்ஜரில் இருக்க வேண்டும்.

கேபிளுக்கும் இதே கதைதான். இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கும் சாதாரண கேபிள் 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே ஒரு சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வாங்க வேண்டும். பேருந்து நிலையத்தில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கும் கேபிள்களில் சிலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. சார்ஜ் ஏறும், ஆனால் கணினியில் சொருகினால் போனைக் காட்டாது. போன் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு.

சர்வீஸ் என்றதும் இன்னொன்று. "சார்ஜிங் பின் லூஸாயிடுச்சு, மாத்தணும்" என்று கடையில் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். டார்ச் அடித்து அந்தத் துளைக்குள் பாருங்கள். பேன்ட் பாக்கெட்டின் நூல் பஞ்சும் தூசியும் அடியில் கெட்டியாகப் படிந்து, கேபிள் முழுதாக உள்ளே போக விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் ஓரமாக மெதுவாகச் சுரண்டினால் சிறு உருண்டையாக வெளியே வரும். அதன் பிறகு கேபிள் 'டக்' என்று உட்காருகிறதா என்று பாருங்கள். பின் ஊசி, சேஃப்டி பின் எல்லாம் வேண்டாம். உள்ளே இருக்கும் உலோக முனைகள் வளைந்தால் நிஜமாகவே பின் மாற்ற வேண்டிவரும்.

கிளாஸ் ஒட்டும் கடையில்

டெம்பர்டு கிளாஸ் அட்டையில் '9 எச்' என்று இருக்கும். வைரத்துக்கு அடுத்த கடினம் என்றே பலர் நினைக்கிறார்கள். வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவுகோல் வேறு, இது வேறு. இது பென்சில் அளவுகோல்: 9 எச் பென்சிலால் கீறினாலும் கோடு விழாது, அவ்வளவுதான். மோஸ் அளவில் கண்ணாடி ஆறுக்குப் பக்கத்தில் நிற்கும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் ஏழு. அதனால்தான் கடைக்காரர் கத்தியால் கீறிக் காட்டும்போது கோடே விழாத கிளாஸில், மெரினாவுக்குப் போய்வந்த மறுநாள் கோடு தெரிகிறது. அந்தக் கத்தியின் இரும்பு கண்ணாடியைவிட மென்மையாகவோ ஏறக்குறைய சமமாகவோ இருக்கும். அது எந்தக் கண்ணாடியையும் எளிதில் கீறாது. வித்தை பார்க்க நன்றாக இருக்கும். '11 டி', '21 டி' என்பவற்றுக்கோ எந்தத் தர அளவும் கிடையாது. விலையை ஏற்றுவதற்கு எண்ணையும் ஏற்றுகிறார்கள்.

கிளாஸின் வேலை கீழே விழும்போது தான் உடைந்து திரையைக் காப்பது. அதற்கு நூறு, இருநூறு ரூபாய் கிளாஸே போதும், உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஓரம் வளைந்த திரைகளுக்குப் பசையை ஊற்றி, நீல விளக்கில் காய வைத்து ஒட்டும் யு.வி. கிளாஸில்தான் கவனம் வேண்டும். அந்தப் பசை ஸ்பீக்கர் துளையிலும் பட்டன் இடுக்கிலும் இறங்கி உறைந்துவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. ஒட்டச் சொல்வதானால் துளைகளை டேப் போட்டு அடைக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். திரைக்கடியில் கைரேகை சென்சார் இருந்தால், ஒட்டியதும் ரேகையைப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மெமரி கார்டைப் பற்றி ஒரே வார்த்தை. ஐந்நூறு ரூபாய்க்கு 1 டி.பி. கார்டு கிடையாது. உள்ளே 32 ஜி.பி.யை வைத்துக்கொண்டு, போனிடம் 1 டி.பி. என்று பொய் சொல்லும்படி அதைத் தயார்செய்திருப்பார்கள். உண்மையான இடம் தீரும் வரை எல்லாம் சரியாக இருக்கும். பிறகு எடுக்கும் படங்கள் பெயராக மட்டும் பட்டியலில் தெரியும், திறந்தால் வராது.

ஆப்: கேட்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

போன் ஏற்கெனவே செய்கிற வேலைக்குத் தனி ஆப் ஏற்றுவது முதல் தவறு. கியூ.ஆர். கோடை இன்றைய போன்களில் கேமராவே படிக்கும். காகிதத்தை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்க கூகுள் டிரைவிலேயே வழி இருக்கிறது. டார்ச், காம்பஸ், கால்குலேட்டர் எதற்கும் வெளியே போக வேண்டாம். 'இருந்துட்டுப் போகட்டுமே' என்று விட்டுவைப்பதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். 2020 கடைசியில், ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பிளே ஸ்டோரிலிருந்து ஏற்றியிருந்த பார்கோடு ஸ்கேனர் ஒன்று, ஓர் அப்டேட்டுக்குப் பிறகு தானாகவே உலாவியைத் திறந்து விளம்பரம் காட்டத் தொடங்கியது. அதுவரை நல்ல ஆப்பாகத்தான் இருந்தது. பயன்படுத்தாத ஆப்பை நீக்கச் சொல்வது இதற்காகத்தான்.

'பூஸ்டர்', 'கிளீனர்', 'கூலர்' என்று வருபவை இன்னொரு ரகம். ரேம் நிறைந்திருக்கிறது என்று சிவப்பில் காட்டி, ஒரு பட்டனைத் தட்டச் சொல்லும். ஆண்ட்ராய்டு ரேமை வேண்டுமென்றேதான் நிரப்பி வைக்கிறது, அடுத்த முறை அந்த ஆப்பைச் சட்டென்று திறப்பதற்காக. அதைத் துடைத்தெடுத்தால் ஒவ்வொன்றும் முதலிலிருந்து தொடங்கும், பேட்டரி கூடுதலாகத்தான் செலவாகும். போன் நிஜமாகவே திணறுகிறது என்றால் பெரும்பாலும் ஸ்டோரேஜ்தான் நிறைந்திருக்கும். வாட்ஸ்அப் அமைப்பில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய்ப் பாருங்கள். குடும்ப குரூப்பின் குட் மார்னிங் படங்களும் வீடியோக்களும் எத்தனை ஜி.பி. என்று தெரியும். தானாக டவுன்லோட் ஆவதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இடம் வேண்டும் என்று கூகுள் போட்டோஸில் படங்களை அழிக்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பேக்கப் ஆன படத்தை அந்த ஆப்பில் அழித்தால் போனிலும் போகும், கூகுள் கணக்கிலும் போகும். போனில் மட்டும் இடம் பிடிக்க 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் தட்ட வேண்டும். தவறி அழித்திருந்தால் பேக்கப் ஆன படங்கள் 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்டுவிடலாம்.

பணம் போகும் தவறு ஏ.பி.கே. கோப்பில்தான் இருக்கிறது. ஏ.பி.கே. என்பது பிளே ஸ்டோருக்குப் போகாமலேயே ஆண்ட்ராய்டு ஆப்பை ஏற்றும் கோப்பு. 'உங்கள் வண்டிக்கு அபராதம்' என்றோ, கல்யாணப் பத்திரிகை என்றோ வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருக்கும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரலாம், அவர் போன் ஏற்கெனவே சிக்கியிருந்தால். தட்டினால் அது ஆப்பாக ஏறும், எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. உங்களுக்கு முன்னால் இன்னொருவருக்குப் போய்ச் சேரும். 'இன்றிரவு கரண்ட் கட் செய்யப்படும், இந்த எண்ணை அழையுங்கள்' என்று மின்வாரியத்தின் பெயரில் வருவதும் இதே குடும்பம்தான். அழைத்தால் திரையைப் பகிரும் ஆப் ஒன்றை ஏற்றச் சொல்வார்கள். மின்வாரியமோ ஆர்.டி.ஓ.வோ வங்கியோ வாட்ஸ்அப்பில் ஆப்பை அனுப்பிவைப்பதில்லை. போன் அமைப்பில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடுங்கள். அங்கே வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் அனுமதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் போனில் இதை இன்றைக்கே செய்துவிடுவது நல்லது.

எந்த அனுமதியைக் கொடுக்கலாம் என்பதற்குப் பெரிய அறிவு ஒன்றும் தேவையில்லை. மேப்புக்கு இடம் தெரிய வேண்டும், சரி. கடன் தரும் ஆப்புக்கு எதற்கு உங்கள் போன்புத்தகம்? கட்டத் தவறினால் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு மானத்தை வாங்குவதற்குத்தான். கடன் ஆப்கள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டுவிட்டது. கேட்கிற ஆப் விதியை மீறுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதி பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் போன்றவற்றுக்காக உண்டானது. அதைப் பெறும் ஆப் திரையில் தெரிவதையெல்லாம் படிக்கும், உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் செய்யும். வால்பேப்பர் ஆப்போ விளையாட்டோ அதைக் கேட்டால் அந்த நிமிடமே நீக்கிவிடுங்கள். கலர் கலரான கீபோர்டு ஆப்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. தமிழில் தட்ட ஜிபோர்டு, செல்லினம் போன்ற நெடுநாள் பழகிய கீபோர்டுகள் போதும்.

இப்படி மோசடியில் பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு உண்டு.

போனே தொலைந்துவிட்டால் மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) முடக்கலாம், பிறகு யார் சிம் போட்டாலும் இந்திய நெட்வொர்க்குகளில் வேலை செய்யாது. இதற்குப் போலீஸ் புகார் நகலும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் கேட்பார்கள், போன் வாங்கிய பில்லும் கையில் இருந்தால் வேலை சுலபம். போன் கையில் இருக்கும்போதே *#06# தட்டினால் அந்த எண் திரையில் வரும். அதையும் பில்லையும் படமெடுத்து உங்கள் மெயிலுக்கோ வீட்டில் இன்னொருவருக்கோ அனுப்பி வைத்துவிடுங்கள். அதே போனில் மட்டும் வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும்.